இடுப்பில் ஒரு சென்சார்: நடையையும் நிலைத்தன்மையையும் அளக்க முழுமையான வழிகாட்டி

நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து மறுபடி உட்கார வேண்டும். அதற்கு எத்தனை விநாடி ஆகிறது என்று ஸ்டாப்வாட்சில் பார்க்க வேண்டும். டயேன் பொட்சியாட்லோ, சாண்ட்ரா ரிச்சர்ட்சன் இருவரும் 1991இல் வெளியிட்ட 'டைம்டு அப் அண்ட் கோ' சோதனை இவ்வளவுதான். பிசியோதெரபிஸ்டுகள் சுருக்கமாக டக் என்பார்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் அவருக்குக் கீழே விழும் அபாயம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம்.

இரண்டு பேருக்கு ஆளுக்கு 14 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் தொடையில் பலமில்லாமல் எழுந்திருக்கவே திணறுகிறார், எழுந்துவிட்டால் நன்றாக நடக்கிறார். இன்னொருவர் சட்டென்று எழுந்துவிடுகிறார், ஆனால் திரும்பும் இடத்தில் ஏழெட்டுச் சின்ன அடி வைத்துத் தயங்கித் தயங்கித் திரும்புகிறார். இருவருக்கும் வேண்டிய பயிற்சி வேறு வேறு. ஸ்டாப்வாட்ச் இருவருக்கும் ஒரே விடையைத்தான் சொல்கிறது. இடுப்பில் கட்டிய ஒரு சென்சார் அந்த 14 விநாடியைப் பிரித்துக் காட்டும். பார்க்கின்சன் நோயின் ஆரம்ப நிலையில் இருந்தவர்களிடம் 2010இல் வெளியான ஒரு ஆய்வில், நோய் இல்லாதவர்களோடு ஒப்பிட்டபோது வழக்கமான டக் நேரத்தில் வித்தியாசமே தெரியவில்லை. உடலில் கட்டிய சென்சார்களிலோ திரும்பும் நேரம், கை வீச்சின் வேகம், அடிகளின் வேகம் எல்லாவற்றிலும் வித்தியாசம் தெரிந்தது.

அதற்கு விலை உயர்ந்த ஆய்வகம் தேவையில்லை. பையில் இருக்கும் போனே போதும். பிசியோதெரபி மாணவர்கள், சின்ன கிளினிக் நடத்துபவர்கள், இதைப் புராஜெக்டாக எடுக்கும் பொறியியல் மாணவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். நிற்பது, டக், நேராக நடப்பது என்று மூன்று சோதனைகளைப் பார்க்கலாம்.

சென்சார் எதை அளக்கிறது

போனை மேசையில் அசையாமல் வைத்து, முடுக்கத்தை அளக்கும் அக்சிலரோமீட்டரைப் பாருங்கள். பூஜ்யம் வராது, 9.81 மீ/வி² வரும். போன் கீழே போகாமல் மேசை அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறதே, அந்தத் தாங்கலை அது உணர்கிறது. இதை மனதில் பதித்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது. போனை 1 டிகிரி சாய்த்தால் புவியீர்ப்பின் ஒரு சிறு பங்கு, சுமார் 0.17 மீ/வி², பக்கவாட்டு அச்சில் வந்து விழும். நிற்கும் மனிதர் லேசாக ஆடும்போது சென்சார் காட்டுவதில் பெரும்பகுதி இந்தச் சாய்வுதான்.

கைரோஸ்கோப் சுழற்சியின் வேகத்தைச் சொல்லும். போன் அதை விநாடிக்கு இத்தனை ரேடியன் என்று தரும், 57.3ஆல் பெருக்கினால் டிகிரி. எழுவதற்காக முதுகை முன்னால் வளைப்பது, நடந்துபோய்த் திரும்புவது இரண்டும் இதில் பளிச்சென்று தெரியும். மூன்றாவதாக காந்தமானியும் போனில் இருக்கும். வீட்டுக்குள் இரும்புக் கட்டில், கான்கிரீட்டுக்குள் கம்பி என்று எல்லாமே அதைக் குழப்பும். இந்தச் சோதனைகளுக்கு அது வேண்டாம்.

முடுக்கத்தை இரண்டு முறை தொகையிட்டால் தூரம் கிடைக்கும் என்று பாடப்புத்தகம் சொல்லும். பொறியியல் மாணவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் செய்யப் பார்ப்பார்கள். சென்சாரில் 0.05 மீ/வி² அளவுக்குச் சின்னப் பிழை இருந்தாலே 10 விநாடியில் அது 2.5 மீட்டர் தவறாக வளர்ந்துவிடும். ஆள் நின்ற இடத்தில் நிற்பார், கணக்கு அவரை அடுத்த அறையில் கொண்டுபோய் வைக்கும். தூரத்தைத் தரையில் டேப் வைத்து அளங்கள், நேரத்தையும் சுழற்சியையும் சென்சாரிடம் கேளுங்கள்.

கருவி

ஜெர்மனியின் ஆகன் நகரிலுள்ள ஆர்.டபிள்யூ.டி.ஹெச். பல்கலைக்கழகத்தில் உருவான ஃபைஃபாக்ஸ் செயலி இலவசம், ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் உண்டு. அதில் கூட்டல் குறியைத் தொட்டு ஒரு புதிய எளிய சோதனையை உருவாக்கி, அக்சிலரோமீட்டர், கைரோஸ்கோப் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புவியீர்ப்பு நீக்கிய முடுக்கம் என்று இன்னொரு தேர்வும் இருக்கும். அது போன் ஏற்கெனவே கணக்குப் போட்டுக் கலந்த அளவு என்பதால் வேண்டாம். விநாடிக்கு 100 அளவுகள் போதும். நடையின் அசைவு பெரும்பாலும் 20 ஹெர்ட்ஸுக்குள், அதாவது விநாடிக்கு 20 அதிர்வுக்குள், அடங்கிவிடும்.

ரிமோட் வசதியை இயக்கினால், அதே வைஃபையில் இருக்கும் லேப்டாப்பின் பிரவுசரிலிருந்தே பதிவைத் தொடங்கலாம், நிறுத்தலாம். முதுகில் கட்டிய போனைத் தொட்டுத் தொட்டு அசைக்காமல் இருக்க இது பெரிய உதவி.

சொந்தமாகக் கருவி கட்ட விரும்புபவர்கள் எம்.பி.யு. 6050 என்ற அசைவு சென்சார் சிப்பையும், அதைப் படிக்கும் ஈ.எஸ்.பி. 32 என்ற சின்னக் கணினி போர்டையும் வைத்துச் செய்யலாம். முடுக்கத்துக்கு ±4 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 4 மடங்கு), சுழற்சிக்கு ±500 டிகிரி/விநாடி என்று வரம்பு வைத்தால் இந்த மூன்று சோதனைகளுக்கும் சரியாக இருக்கும். கைக்கடிகாரத்தை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். கை தன் பாட்டுக்கு ஆடும், உடலின் நிலைத்தன்மையைப் பற்றி அது சொல்வது குறைவு.

தொடங்குமுன் ஒரு சின்னச் சோதனை. போனின் ஒவ்வொரு அச்சையும் மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் வைத்துப் படியுங்கள். ஒரு அச்சு மேலே பார்க்கும்போது +9.89, கீழே பார்க்கும்போது −9.71 என்றால், இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள்: 0.09. அந்த அச்சின் நிரந்தரப் பிழை அது, பிறகு வரும் எல்லா அளவுகளிலும் கழித்துவிடலாம். கைரோஸ்கோப்புக்கு, மேசையில் 1 நிமிடம் அசையாமல் வைத்து அதன் சராசரியைக் கழித்தால் போதும்.

கட்டுவது

பாதி வேலை இங்கேதான் இருக்கிறது. எத்தனை நல்ல கணக்கு போட்டாலும், தளர்வாகக் கட்டிய சென்சார் பட்டையின் ஆட்டத்தைத்தான் அளக்கும்.

இடம்: கீழ்முதுகின் நடுப்பகுதி. உடலின் எடைமையத்துக்கு அருகில் இருப்பதால் ஆய்வாளர்கள் பலரும் இந்த இடத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள். கண்டுபிடிக்க, அவருக்குப் பின்னால் நின்று இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் வையுங்கள். இரண்டு கட்டைவிரல்களும் முதுகெலும்பில் சந்திக்கும் மட்டம் நான்காவது, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகளின் பக்கமாக இருக்கும். போனின் நடுப்பகுதி அங்கே வரட்டும்.

ஓட்டப் பயிற்சிக்குப் போகிறவர்கள் கட்டும் எலாஸ்டிக் இடுப்புப் பட்டை இதற்கு நன்றாகப் பொருந்தும். போனைப் படுக்கைவாட்டில் வையுங்கள். திரை வெளியே பார்க்க வேண்டும், போனின் மேல்முனை அவரது இடப்பக்கம் இருக்க வேண்டும். இப்படி வைத்தால் எக்ஸ் அச்சு மேல்நோக்கியும், ஒய் அச்சு இடப்பக்கமும், இசட் அச்சு பின்னோக்கியும் இருக்கும். அசையாமல் நிற்கும்போது எக்ஸ் அச்சில் +9.8க்கு அருகில் வந்தால் சரியாகக் கட்டியிருக்கிறீர்கள். மைனஸ் வந்தால் தலைகீழ்.

சேலைக்கு மேல் பட்டை கட்டினால் துணி வழுக்கும், நடக்க நடக்கப் பட்டை ஏறும் அல்லது இறங்கும். வேட்டிக்கும் இதே கதைதான். பெண்களை ஒரு நைட்டியிலோ சுடிதாரிலோ வரச் சொல்லலாம். முடியாதபோது முந்தானையை ஒதுக்கிவிட்டு, இடுப்பில் துணியின் மடிப்பு குறைவாக இருக்கும் மட்டத்தில் இறுக்கமாகக் கட்டி, மேலே இன்னொரு எலாஸ்டிக் பட்டையைச் சுற்றுங்கள். கட்டி முடித்ததும் போனை ஒரு விரலால் தட்டிப் பாருங்கள். தட்டிய பிறகும் அது தனியாக ஆடினால் இன்னும் இறுக்கம் வேண்டும். மூச்சு முட்டாத அளவுக்கு, அவரைக் கேட்டுக்கொண்டே இறுக்குங்கள்.

கீழ்முதுகு நேர்ச்சுவர் இல்லை, போன் எப்படியும் சற்றுச் சாய்ந்துதான் உட்காரும். நிற்கும்போது இசட் அச்சின் சராசரி 1.2 மீ/வி² என்றால் சாய்வு சுமார் 7 டிகிரி. அந்தக் கோணத்தைக் கொண்டு எக்ஸ், இசட் இரண்டையும் சுழற்றி நேராக்கிவிட்டுத்தான் மற்ற கணக்குகளுக்குப் போக வேண்டும். ஒய் அச்சுக்கும் அதே வேலை. நார்வேயின் ரால்ஃப் மோ-நில்சன் 1998இல் இதை ஒழுங்காக எழுதி வைத்தார், இன்றுவரை பலரும் அந்த வழியில்தான் போகிறார்கள்.

யாராவது பக்கத்தில் நிற்க வேண்டும்

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து உயிரிழக்கிறார்கள். விழும் அபாயத்தை அளக்கப் போய் ஒருவரைக் கீழே விழவைத்துவிடக் கூடாது. ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில், சற்றே பின்னால், பலவீனமான பக்கத்தில் நிற்கட்டும். லேப்டாப்பைப் பார்ப்பவர் வேறொருவராக இருக்கட்டும், ஒரே ஆள் இரண்டையும் செய்யாதீர்கள். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், பிளாஸ்டிக் நாற்காலி வழவழ தரையில் பின்னால் நகரும். அன்றைக்குத் தலைசுற்றல், நெஞ்சுவலி இருந்தால் சோதனையே வேண்டாம். எழுந்து நின்றதும் கண் இருட்டுகிறது என்று சொன்னால், படுத்திருக்கும்போதும் நின்ற 3 நிமிடத்துக்குள்ளும் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். மேல் அளவு 20 குறைந்தாலோ கீழ் அளவு 10 குறைந்தாலோ அது மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம்.

சோதனை 1: நிற்பது

தரையில் ஒரு சார்ட் தாளை ஒட்டி, அவரது பாதங்களைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள். அடுத்த முறையும் அதே கோட்டுக்குள் நிற்க வேண்டும். பாத இடைவெளி 5 செ.மீ. மாறினாலே பக்கவாட்டு ஆட்டம் மாறிவிடும், அப்புறம் ஒப்பிட்டுப் பார்த்துப் பயனில்லை. கைகள் பக்கத்தில் தொங்கட்டும், கண் மட்டத்தில் சுவரில் ஒரு புள்ளி. பேச்சு வேண்டாம். கண் திறந்து 30 விநாடி, ஓய்வு, கண் மூடி 30 விநாடி.

கணக்கு: முதல் 5 விநாடியை விட்டுவிடுங்கள், ஆள் நிலைகொள்ள அந்த நேரம் ஆகும். மீதியை 3.5 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள அதிர்வுகளை நீக்கும் வடிகட்டியில் போடுங்கள். பைத்தான் நிரல்மொழி தெரிந்தவர்கள் நான்காம் படி பட்டர்வொர்த் வடிகட்டியை முன்னும் பின்னுமாக ஓட்டலாம். போன் அளவெடுக்கும் இடைவெளி சீராக இருக்காது என்பதால், முதலில் நேரப் பத்தியைப் பார்த்துச் சரியாக 0.01 விநாடி இடைவெளிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எக்ஸெல் மட்டும் தெரிந்தவர்களுக்கு 25 அளவுகளின் நகரும் சராசரி ஓரளவு போதும். பிறகு ஒய் அச்சின் திட்ட விலக்கம் பக்கவாட்டு ஆட்டத்தையும், இசட் அச்சின் திட்ட விலக்கம் முன்பின் ஆட்டத்தையும் தரும்.

கண் மூடியதைக் கண் திறந்ததால் வகுத்துப் பாருங்கள். உதாரணமாக 0.11ஐ 0.05ஆல் வகுத்தால் 2.2. பாதத்திலிருந்து மூளைக்குப் போகும் உணர்வு குறைந்தவர்கள் கண்ணை நம்பி நிற்கிறார்கள், அதனால் கண்ணை மூடியதும் ஆட்டம் எகிறும். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மருத்துவர் மோரிட்ஸ் ரோம்பெர்க் கண்ணால் பார்த்துச் சொன்னதைத்தான் நாம் எண்ணாக்குகிறோம். பல ஆண்டுகள் சர்க்கரை நோய் இருந்து கால் மரத்துப்போனவர்களிடம் இந்த விகிதத்தைக் கட்டாயம் பாருங்கள்.

ஆட்டம் குறைவு என்றால் நல்லது என்று உடனே எழுதிவிட வேண்டாம். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் உடலை விறைத்துக்கொண்டு நிற்பவருக்கும் ஆட்டம் குறைவாகத்தான் இருக்கும், ஆனால் அது வேகவேகமான சின்ன நடுக்கமாக இருக்கும். அதனால் முடுக்கம் எவ்வளவு சடசடவென்று மாறுகிறது என்பதையும் கணக்கிட வேண்டும். அடுத்தடுத்த அளவுகளின் வித்தியாசத்தை 0.01ஆல் வகுத்து, வர்க்கப்படுத்திக் கூட்டினால் கிடைக்கும். மார்ட்டினா மான்சினி, ஃபே ஹோராக் முதலியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், மருந்து தொடங்காத பார்க்கின்சன் நோயாளிகளின் நிலைத்தன்மைக் குறைவு இப்படி இடுப்பில் கட்டிய சென்சாரிலேயே தெரிந்தது.

சோதனை 2: டக்

கைப்பிடி உள்ள நாற்காலி, உட்காரும் உயரம் சுமார் 46 செ.மீ. முன்னால் 3 மீட்டரில் தரையில் வண்ண டேப். வழக்கமாகப் போடும் செருப்பு, வழக்கமான கைத்தடி. சொல்லும் வார்த்தை ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்கட்டும்: "நான் 'சரி'ன்னு சொன்னதும் எழுந்து, எப்பவும் நடக்குற மாதிரியே அந்தக் கோடு வரைக்கும் போயி, திரும்பி வந்து உட்காருங்கம்மா." 'வேகமா' என்ற சொல்லே வாயில் வரக் கூடாது, வந்தால் அது வேறு சோதனை. முதல் தடவை பழகுவதற்கு. அடுத்த இரண்டையும் பதிவு செய்யுங்கள். உட்கார்ந்த நிலையில் தொடக்கத்திலும் முடிவிலும் 3 விநாடி அசையாமல் இருக்கச் சொல்லுங்கள், வரைபடத்தில் எல்லை தெளிவாகத் தெரியும்.

இப்போது கைரோஸ்கோப்பின் ஒய் அச்சை வரைந்து பாருங்கள். ஆரம்பத்தில் முதுகு முன்னால் சாயும் ஒரு மேடு, உடனே எதிர்த்திசையில் நிமிரும் ஒரு பள்ளம். இரண்டும் சேர்ந்ததுதான் எழும் கட்டம். திடமாக எழுபவருக்கு இது ஒரே வீச்சில் முடியும். திணறுபவரின் வரைபடத்தில் இரண்டு மூன்று மேடுகள் தெரியும். முன்னால் சாய்கிறார், எழ முடியாமல் திரும்ப உட்காருகிறார், மறுபடி முயல்கிறார். ஸ்டாப்வாட்சுக்கு இது வெறும் தாமதம்.

எக்ஸ் அச்சில் இரண்டு பெரிய மேடுகள் இருக்கும், கோட்டருகே திரும்புவது ஒன்று, உட்காரும்முன் திரும்புவது இன்னொன்று. ஒவ்வோர் அடிக்கும் இடுப்பு லேசாகச் சுழல்வதால் நடுவில் சின்னச் சின்ன அலைகளும் தெரியும். 1.5 ஹெர்ட்ஸ் வடிகட்டியில் போட்டால் அவை அடங்கிவிடும். வேகம் விநாடிக்கு 5 டிகிரியைத் தாண்டும் இடத்திலிருந்து மீண்டும் அதற்குக் கீழே இறங்கும் இடம்வரை திருப்பம். அந்தப் பகுதியைத் தொகையிட்டால் 180 டிகிரிக்கு அருகில் வர வேண்டும். 140 வந்தால் பட்டை நழுவியிருக்கலாம், அல்லது அச்சை நேராக்க மறந்திருப்பீர்கள். கைரோஸ்கோப்பில் விநாடிக்கு அரை டிகிரி பிழை இருந்தாலும் 3 விநாடித் திருப்பத்தில் அது ஒன்றரை டிகிரிதான், கவலை இல்லை.

குறித்துக்கொள்ள வேண்டியவை: எழும் நேரம், போகும் நேரம், திருப்பத்தின் நேரமும் அதன் உச்ச வேகமும், வரும் நேரம், திரும்பி உட்காரும் நேரம். கடைசிக் கட்டத்தைக் கவனமாகப் பாருங்கள். சிலர் திரும்பி முடிக்குமுன்பே உட்காரத் தொடங்கிவிடுவார்கள், எக்ஸ் அச்சின் மேடும் ஒய் அச்சின் மேடும் ஒன்றின்மேல் ஒன்று விழும். வீட்டில் கட்டிலில் உட்காரப் போய் நழுவி விழுபவர்கள் செய்வதும் இதைத்தான் என்பதால், மொத்த நேரம் நன்றாக இருந்தாலும் நான் இதைத் தனியாக எழுதிவைப்பேன்.

சோதனை 3: நேராக நடப்பது

டக்கில் போக வர 6 மீட்டர்தான். நடையின் சீரைச் சொல்ல அந்தச் சில அடிகள் போதாது. 14 மீட்டர் வராந்தா கிடைத்தால், முதல் 2 மீட்டரையும் கடைசி 2 மீட்டரையும் விட்டுவிட்டு நடு 10 மீட்டரை எடுங்கள். ஐந்தாறு முறை போக வர நடக்கட்டும், களைத்தால் உட்காரட்டும்.

வேகம் என்பது தூரத்தை நேரத்தால் வகுத்தது, அவ்வளவுதான். தசை இழப்பைப் பற்றி 2019இல் ஆசிய நிபுணர் குழு வெளியிட்ட பரிந்துரையில், 6 மீட்டர் நடையில் விநாடிக்கு 1 மீட்டருக்குக் கீழே போனால் உடல் செயல்திறன் குறைவு என்று வைத்திருக்கிறார்கள்.

சீரை அளக்க, மேல்கீழ் முடுக்கத்தை அதன் நகலோடு ஒப்பிட வேண்டும். ஒரே அலையை இரண்டு கண்ணாடித் தாளில் வரைந்து, ஒன்றை மற்றொன்றின் மேல் மெல்ல நகர்த்துவது போல. ஓர் அடி நேரம் நகர்ந்ததும் அலைகள் ஓரளவு பொருந்தும். இரண்டு அடி நேரம் நகர்ந்ததும், அதாவது வலது கால் வலது காலோடு சேரும்போது, இன்னும் நன்றாகப் பொருந்தும். முதல் பொருத்தம் 0.55 விநாடியில் வந்தால் நிமிடத்துக்கு சுமார் 109 அடி. வேகம் 0.9 மீ/வி என்றால் ஓர் அடியின் நீளம் 0.9 × 0.55, கிட்டத்தட்ட 50 செ.மீ. பொருத்தத்தின் அளவு 1ஐ நெருங்க நெருங்க நடை சீரானது. முதல் பொருத்தம் இரண்டாவதைவிட மிகக் குறைந்தால் இரு கால்களும் ஒரே மாதிரி வேலை செய்யவில்லை. பக்கவாதத்துக்குப் பிறகும், ஒரு முட்டியில் மட்டும் தேய்மானம் உள்ளவர்களிடமும் இது தெளிவாகத் தெரியும். மோ-நில்சனும் ஹெல்போஸ்டாடும் 2004இல் விளக்கிய முறை இது.

இங்கே ஓர் எச்சரிக்கை. மெதுவாக நடந்தால் எல்லா அளவுகளும் மாறும். வேகத்தைப் பக்கத்தில் எழுதாமல் சீரை மட்டும் எழுதினால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

எண்ணை எப்படிப் படிப்பது

எந்தக் கணக்குக்கும் முன்னால் பதிவை வரைந்து கண்ணால் பாருங்கள். திடீரென ஓர் ஊசி மேடு இருந்தால் யாரோ பட்டையைத் தொட்டிருப்பார்கள். அளவுகள் விட்டுப்போயிருந்தால் கோடு நேராக ஓடும்.

ஆட்ட அளவுக்கு இணையத்தில் கிடைக்கும் எல்லை எண்களை உங்கள் போனுக்கு அப்படியே பொருத்தாதீர்கள். வேறு கருவி, வேறு வடிகட்டி, வேறு பாத இடைவெளி. 12 விநாடி, விநாடிக்கு 1 மீட்டர் போன்றவை கடிகாரமும் டேப்பும் சார்ந்தவை என்பதால் எங்கும் செல்லும். மற்றவற்றில் ஒருவரை அவரது பழைய அளவோடுதான் ஒப்பிட வேண்டும். அதற்காக ஒவ்வொரு முறையும் எழுதிவைக்க வேண்டியவை: நாற்காலி உயரம், செருப்பு, கண்ணாடி போட்டிருந்தாரா, நேரம், கடைசியாக மாத்திரை எப்போது. லெவோடோபா என்ற மருந்தை எடுக்கும் பார்க்கின்சன் நோயாளி மாத்திரை போட்ட 1 மணி நேரத்தில் ஒரு மனிதர், அடுத்த வேளைக்குச் சற்று முன் வேறொரு மனிதர்.

எவ்வளவு மாறினால் அது நிஜ மாற்றம்? பயிற்சி தொடங்குமுன், எந்த மாற்றமும் இல்லாத ஒரு வாரத்துக்குள் பத்துப் பதினைந்து பேரை இரண்டு முறை அளங்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்து, அந்த வித்தியாசங்களின் திட்ட விலக்கத்தை 1.96ஆல் பெருக்குங்கள். உதாரணமாக, திருப்ப நேரத்தில் அது 0.6 விநாடி என்று வந்தால், ஆறு வாரப் பயிற்சிக்குப் பிறகு ஒருவருக்கு 0.3 விநாடி குறைந்ததை முன்னேற்றம் என்று எழுத முடியாது. 0.9 குறைந்தால் எழுதலாம். இந்த எண்ணை உங்கள் கிளினிக்கே உங்கள் போன், பட்டை, வராந்தாவை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். போனையோ அளவெடுக்கும் ஆளையோ மாற்றினால் திரும்பவும் எடுக்க வேண்டும்.

மருத்துவருக்கு அனுப்பும் தாளில் எண்களைக் குவிக்காமல் மூன்று வரி எழுதுங்கள்: டக் மொத்த நேரம், அதில் எந்தக் கட்டம் அதிக நேரம் எடுத்தது, போன முறையைவிட நிஜமாக மாறியது எது. கடந்த 12 மாதத்தில் எத்தனை முறை விழுந்தார் என்பதை அவரிடமும் வீட்டாரிடமும் தனித்தனியாகக் கேட்டு நான்காவது வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.